பத்துக் கிலோ தகுதி

என் அம்மா சின்னபொண்ணுவால் பத்துக் கிலோ எடையைத் தூக்க முடியுமா என்று கழகத்துக்குச் சந்தேகம் வந்தது. அவளை வேலைக்கு வைத்துப் பத்தொன்பது வருடம் கழித்து வந்தது.

கழகம் என்றால் வட மாவட்ட விளைபொருள் சேமிப்புக் கழகம். தலைமை அலுவலகம் விழுப்புரத்தில், கிடங்கு திண்டிவனத்தில். விழுப்புரத்தில் மின்விசிறிகளும் கோப்புகளும் இருக்கின்றன. திண்டிவனத்தில் மூட்டைகளும் அவற்றைத் தூக்கும் பதினொரு பெண்களும் இருக்கிறார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அதில் ஒரு மூட்டை நாற்பது கிலோ. லாரியிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து அடுக்குக்கு, பிறகு அடுக்கிலிருந்து மறுபடி லாரிக்கு. தலையில் ஒரு துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு வேறு எந்த உபகரணமும் தேவைப்பட்டதில்லை.

பதினொரு பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லிக் கொடுத்த மனுவுக்கு ஒன்பது வருடம் கழித்துப் பதில் வந்தது. நிரந்தரமாக்கலாம், ஆனால் உடல்தகுதி வேண்டும். முதுகில் பத்துக் கிலோ எடையுள்ள பையை மாட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் நடக்க வேண்டும். தேறாதவர்கள் அந்த மாதக் கடைசியோடு நின்றுவிட வேண்டும். பையைப் பணியாளரே வாங்கிக்கொள்ள வேண்டும். பணியாளர்களின் குடும்ப நிலையில் கழகத்துக்கு அக்கறை உண்டு என்பதால், பை மலிவானதாக இருத்தல் கட்டாயம்.

சுற்றறிக்கை எட்டுப் பக்கம். அதில் ஆறு பக்கம் பையைப் பற்றியது. அதைப் படிக்க என்னைக் கூட்டிப் போனார்கள். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேச எனக்கு வராது. ஆனால் காகிதத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லுவேன்.

முதலில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. விழுப்புரத்திலிருந்து ப்ரியதர்ஷினி என்ற நலவாழ்வு ஆலோசகர் வந்தார். கிடங்கு மேலாளர் மணிமாறன் அவருக்குச் சால்வை போர்த்தினார். திரையில் ஒரு நாற்காலியின் படம் வந்தது.

“இன்றைய பெண்ணின் மிகப் பெரிய எதிரி யார் தெரியுமா? நாற்காலி!” என்றார் ஆலோசகர். “காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தே இருக்கிறோம். எலும்பு என்ன ஆகும்? வாரத்துக்கு மூன்று நாளாவது எடை சுமந்து நடங்கள். எடையை உங்கள் உடலுக்கு அறிமுகப்படுத்துங்கள்.”

தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி அக்கா கையைத் தூக்கினாள். அம்மாவோடு பதினைந்து வருடமாக வேலை செய்பவள்.

“மேடம், அந்த நாற்காலி எங்க இருக்குதுன்னு சொன்னீங்கன்னா நாங்களும் ஒரு தபா உக்காந்து பார்ப்போம்.”

“நல்ல கேள்வி,” என்றார் ஆலோசகர். அடுத்த படம் வந்தது.

அந்தச் சமயத்தில் வெளியே ஒரு லாரி வந்து ஆரன் அடித்தது. நாலு பேர் எழுந்து போய் முப்பது மூட்டையை இறக்கிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தார்கள். எடை சுமப்பது பற்றிய விழிப்புணர்வுக் கூட்டத்தில் பாதியில் எழுந்து போனதற்காக அந்த நாலு பேருக்கும் வருகைப் பதிவு கொடுக்கப்படவில்லை.

கூட்டம் முடிந்ததும் அம்மா மேலாளரிடம் போய் நின்றாள்.

“சார், பை எதுக்கு சார்? பத்துக் கிலோவ தலையில வச்சிக்கினு நடந்து காட்டட்டுமா? இருபது வேணும்னாலும் வைங்க.”

மணிமாறன் சார் சுற்றறிக்கையைப் புரட்டினார். “முதுகுன்னுதாம்மா போட்டிருக்கு. தலைன்னு எங்கயும் இல்ல. இல்லாத உறுப்புல நீ தூக்கினா நான் எப்படி மார்க் போடறது?”

ஆக, பை வாங்க வேண்டும்.

வீட்டில் என்னுடைய பழைய பள்ளிக்கூடப் பை இருந்தது. அரசாங்கம் சும்மா கொடுத்தது. ஒரு ஜிப் மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும். அம்மா அதைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனாள். மேலாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு விலை என்ன?” என்றார்.

“விலை இல்ல சார். இஸ்கூல்ல குடுத்தது.”

“விலையே இல்லாதத மலிவுன்னு எப்படிச் சொல்ல முடியும்? மலிவுன்னா ஒரு விலை இருக்கணும், அது குறைவா இருக்கணும். இதுல முதல் நிபந்தனையே அடிபடுது.”

அஞ்சலாட்சி அக்கா சிமெண்டுச் சாக்கை வெட்டித் தையல்காரரிடம் கொடுத்து ஒரு பை தைத்து வந்தாள். இருபது செங்கல் வைத்தாலும் தாங்கும் பை. சிமெண்டுக் கம்பெனியின் பெயர் தெரிகிறது, கழகம் எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்யாது என்று சொல்லிவிட்டார்கள். பெயர் உள்பக்கம் போகும்படி திருப்பித் தைத்தாள். மறைத்து வைக்கப்பட்ட விளம்பரம் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் திண்டிவனம் கடைத்தெருவில் ஐந்து கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் கல்லூரிப் பிள்ளைகள் மாட்டும் மெல்லிய பை. இன்னொரு கடையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒன்று, அதில் தண்ணீர் குடிக்கக் குழாய்கூட இருந்தது. அம்மா அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாட்டுக்கு மருந்து குடுக்கறதாட்டம் இருக்குது, வாடி,” என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைசியில் நேமிகுமார் கடை. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் அவர்களுடையது. ஊரில் நிலம், இங்கே பைக்கடை. அவர் எங்களிடம் முதலில் கேட்டது, எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் என்று. அந்த ஆறு பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வி.

“அம்மா, பையோட அழகைப் பார்க்காதீங்க. பட்டையைப் பாருங்க. ரெண்டு விரல் அகலம்னா தோளை அறுத்துடும். நாலு விரல் வேணும். அழுத்தினா உள்ள இருக்கிற பஞ்சு திரும்ப எழும்பணும், இதோ இப்படி. பட்டை பையோட சேர்ற இடத்துல தையலைப் பாருங்க. பெட்டி மாதிரி கட்டம் போட்டுக் குறுக்கால தச்சிருக்கா? அதான் தாங்கும். ஒத்தைத் தையல்னா மூணாம் நாளு கையில வந்துடும்.”

“இடுப்புல கட்டற வாரு வேணும்னு போட்டிருக்காங்கண்ணா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

“இதுல இருக்குதும்மா. இன்னொண்ணு. எடை அடியில தொங்கினா இடுப்பு போயிடும். முதுகோட ஒட்டி மேல நிக்கணும். அடியில ஒரு துணியைச் சுருட்டி வச்சிட்டு அதுக்கு மேல எடையை வையுங்க.”

அம்மா சிரித்துவிட்டாள். “சும்மாடு மாதிரி.”

“அதேதாங்க.”

பை ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். பில்லோடு கொடுத்தார். “பிரிஞ்சா எடுத்துக்கினு வாங்க, தச்சித் தர்றேன்,” என்றார். அம்மா கடையிலேயே அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக அவள் முதுகில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களின் பை ஏறியிருந்தது. கண்ணாடியைப் பார்த்து வெட்கப்பட்டுச் சட்டென்று கழற்றிவிட்டாள்.

பை கிடைத்துவிட்டது. அது மலிவானதா என்று முடிவு செய்வதுதான் பாக்கி. அதை முடிவு செய்ய வாங்கினவருக்கு அதிகாரம் இல்லை. விழுப்புரத்தில் மலிவு நிர்ணயக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டிருந்தது.

குழுவுக்கு மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் போய் இரண்டு கடையில் கெஞ்சி, வாங்கப் போகாத பைகளுக்கு விலை எழுதி வாங்கினோம். ஒன்று எண்ணூற்றைம்பது, இன்னொன்று ஆயிரத்து நானூறு. இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டுக் குழுவின் முன் போய் நின்றோம்.

குழுவில் நான்கு பேர். அங்கே நான்கு பைகள் இருந்தன. ஆய்வுக்காகக் கழகம் வாங்கிய மாதிரிகளாம். ஒவ்வொன்றும் நம்மூரில் கிடைக்காத பை. ஒன்றில் ஒருவரின் சாப்பாட்டு டப்பா இருந்தது. இன்னொன்று ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் அணையாக இருந்தது. ஆய்வு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

தலைவர் எங்கள் பையைக் கையில் எடுத்தார். “மூணுல இதுதான் குறைஞ்ச விலை. ஆனா ரொம்பக் குறைஞ்சிருக்கு. இவ்வளவு குறைஞ்சா தரம் இருக்குமா?”

“அப்ப ஆயிரத்து நானூறு எடுக்கட்டுமா ஐயா?” என்றாள் அம்மா.

“அது மலிவு இல்லையே. நீங்க கஷ்டப்படறவங்க. உங்களை அதுல தள்ள எங்களுக்கு மனசு வராது.”

“அப்ப நடுவுல இருக்கறது?”

“நடுவுல இருக்கறதுன்னு ஒரு வகையே சுற்றறிக்கையில இல்லம்மா.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அடிப்படையான கேள்வி என்னன்னா, மலிவுன்னா யாருக்கு மலிவு? உங்க கூலி எவ்வளவுன்னு சான்று இருந்தாத்தானே சொல்ல முடியும்? கிடங்கு மேலாளர்கிட்ட வாங்கிக்கினு வாங்க.”

குழுவின் நான்காவது உறுப்பினர் கிடங்கு மேலாளர் மணிமாறன்தான். அம்மா அவரைப் பார்த்தாள்.

“சார், நீங்கதானே சார் எங்களுக்குக் கூலி போடறீங்க? சொல்லுங்க சார்.”

“இங்க நான் உறுப்பினர்மா,” என்றார் அவர் வருத்தமாக. “மேலாளரா நான் திண்டிவனத்துலதான் இருப்பேன். நாளைக்கு வா.”

மறுநாள் திண்டிவனத்தில் அவர் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு அதற்கு மறுநாள் விழுப்புரத்தில் அவரிடமே கொடுத்தோம். அவர் அதை முதல் தடவை பார்ப்பவர் போல வாசித்துவிட்டு, “இவ்வளவு கம்மியாவா குடுக்கறாங்க?” என்று குழுத் தலைவரைப் பார்த்துக் கேட்டார். தலைவரும் உச்சுக் கொட்டினார். பையைவிட அதற்காக விட்ட நாட்களின் கூலி அதிகம். அதை மலிவில் சேர்க்கச் சுற்றறிக்கையில் இடமில்லை.

நேமிகுமார் கடைப் பைக்கு மலிவுச் சான்று கிடைத்தது. மாவட்டத்திலேயே அந்தச் சான்று பெற்ற ஒரே பை அது. அதனால் மற்றப் பத்துப் பேரும் அதையே வாங்கினார்கள். நேமிகுமார் ஒன்றுக்கு நாற்பது ரூபாய் குறைத்துக்கொடுத்தார். குறைத்துக்கொடுத்தது குழுவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

அடுத்தது, பைக்குள் எதை வைப்பது?

செங்கல் கட்டுமானப் பொருள், கழகத்தின் பொறியாளர் மதிப்பீடு தர வேண்டும். மணலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பத்துக் கிலோ மணலோடு ரோட்டில் நடந்தால் மணல் கடத்தல் ஆகிவிடும். இரும்புக்குக் கூர்மை உண்டு. அஞ்சலாட்சி அக்கா பொறுமை இழந்து, “பத்து லிட்டரு தண்ணிக் கேன வைங்க சார். லிட்டருக்குக் கிலோ. எந்தக் கொழந்தையும் சொல்லும்,” என்றாள்.

மணிமாறன் சார் தலையை ஆட்டினார். “தண்ணியை எடைன்னு கழகம் ஒத்துக்காதும்மா. அது ஆவியாயிடும்.”

பிறகு அவரே வழி சொன்னார். கழகத்தின் சொந்தப் பொருள், எந்த அனுமதியும் வேண்டாதது, கிடங்கு வாசலில் குவிந்து கிடப்பது. மல்லாட்டை. முந்தின நாள்தான் வந்து இறங்கிய குவியல். பறித்து நாலு நாள்கூட வெயில் பார்க்காத காய்.

அம்மா ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சத்தம் வரவில்லை. உடைத்துப் பருப்பை நகத்தால் கீறினாள்.

“சார், இது ஈரக்காய். காய்ஞ்சா எறங்கிடும்.”

“என்ன எறங்கிடும்?”

“எடை சார். இன்னிக்குப் பத்து இருந்தா இருபது நாள்ல ஒம்பதுக்கு வந்துடும். இதுல இருக்கறதும் தண்ணிதானே சார்?”

இதை அவருக்கு அம்மா சொல்ல வேண்டியதே இல்லை. கழகம் பிழைப்பதே அந்த ஒரு உண்மையில்தான். விவசாயி கொண்டு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஈரக் கழிவு என்று இரண்டு கிலோ பிடிக்கிறார்கள். காய் கலகலவென்று சத்தம் போட்டாலும் பிடிக்கிறார்கள். வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்று நிற்கிறது: ‘விளைபொருளில் நீர் தெளித்து எடை கூட்டுவது தண்டனைக்குரிய குற்றம்.’ மூன்று வருடம் முன்பு முகையூரிலிருந்து டிராக்டரில் வந்த சுப்பராயலு என்ற விவசாயியை அந்தப் பலகைக்குக் கீழேயே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மழைக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இறக்கிய மூட்டைகளை மறுபடி டிராக்டரில் ஏற்றியது அம்மாவும் மற்றவர்களும்தான். அந்த ஆள் போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று அம்மா அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னாள். சாப்பிடாமல் படுத்தாள்.

“விவசாயி காய் வேற, தகுதிக் காய் வேற,” என்றார் மணிமாறன் சார். “தகுதிக் காய்க்கு ஈரக் கழிவு கிடையாது.”

எடைப் பிரிவு எழுத்தர் துரைக்கண்ணு பதினொரு பைகளிலும் சரியாகப் பத்துக் கிலோ நிறுத்துப் போட்டார். பையின் அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைக்க மட்டும் அனுமதித்தார், அதையும் எடையில் சேர்த்துக்கொண்டு. ஜிப்பின் மேல் அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். சீல் உடைந்தால் தகுதி உடைந்தது என்று பொருள். தேர்வு வரைக்கும் தினமும் அந்தப் பையோடு நடந்து பழக வேண்டும்.

அம்மா விடியற்காலையில் எழுந்து மரக்காணம் ரோட்டில் பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். பால் வண்டிக்காரர்கள், “எந்தூருக்குப் போய்க்கினு இருக்கறே சின்னபொண்ணு, பையெல்லாம் மாட்டிக்கினு?” என்று கேட்டார்கள். நடந்து வந்ததும் வேலைக்குப் போய் நாற்பது கிலோ மூட்டைகளை இறக்கினாள். சாயங்காலம் வந்து பையை வெயில் படும் இடத்தில் மாட்டி வைத்தாள். உள்ளே இருப்பது காய், பூஞ்சணம் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கும்போது, “எறங்கிக்கினே இருக்குதுடி,” என்பாள். அவள் கைக்குத் தெரியும்.

தேர்வு மூன்று தடவை தள்ளிப்போனது. முதலில் ஆலோசகர் ப்ரியதர்ஷினிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அடுத்து, தேர்வைக் கொடியசைத்துத் தொடங்கி வைக்க வேண்டியவருக்கு வேறு இடத்தில் கொடி இருந்தது. மூன்றாவதாக மணிமாறன் சார் சுற்றறிக்கைக் கட்டு ஒன்றை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் விடுப்பில் போனார். இருபத்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. புரட்டாசி வெயில் கடைசி வரைக்கும் அடித்துவிட்டு ஐப்பசி பிறந்தது.

தேர்வு நாளன்று சுற்றறிக்கையோடு நானும் போயிருந்தேன். வாசல் பலகைக்குக் கீழே தராசை வைத்தார்கள். அந்தப் பெரிய முள் தராசைத் தூக்கி வந்து வைத்தது அம்மாவும் அஞ்சலாட்சி அக்காவும்.

துரைக்கண்ணு அம்மாவின் பையை ஏற்றினார். “ஒம்பது கிலோ நூறு கிராம்,” என்று வாசித்தார். அஞ்சலாட்சி அக்காவின் பை ஒம்பது கிலோ ஐம்பது கிராம். மற்றவையும் அதை ஒட்டியே இருந்தன.

“பதினொரு பேரும் கூட்டுச் சேர்ந்து எடையைக் குறைச்சிருக்கீங்க,” என்றார் மணிமாறன் சார். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். “காயை எடுத்துத் தின்னிருக்கீங்க.”

“சீலு உடையலையே சார்,” என்றாள் அம்மா.

“அதுதான் எனக்குச் சந்தேகமே.”

“காஞ்சிப் போச்சி சார். நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“நீ சொன்னது பதிவாகலையேம்மா.”

ஒரு அடி எடுத்து வைக்கும் முன்பே தேர்வு முடிந்துபோனது. தட்டச்சு செய்த காகிதங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. பெயரை மட்டும் நிரப்பி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தை மடிக்கும் விதத்தில் மிகச் சின்னதாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பத்தொன்பது வருடம் அந்த மடிப்புக்குள் போயிற்று.

அப்போது மூன்று லாரிகள் வரிசையாக உள்ளே வந்தன. முகையூர்ப் பக்கத்து மல்லாட்டை. மூட்டைகளின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“ஜல்தி எறக்குங்கம்மா, ஜல்தி!” என்று மணிமாறன் சார் கத்தினார். “மழை வந்துக்கினு இருக்குது. ஒரு மூட்டை நனைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிப்பாங்க!”

பதினொரு பேரும் வழக்கப்படி எழுந்தார்கள். அம்மா துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு அடி நடந்தவள் நின்றாள். இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இதுல இன்னா எழுதியிருக்குது, படி.”

“‘மேற்படி சின்னபொண்ணு என்பவர் பத்துக் கிலோ எடையைச் சுமக்கத் தகுதியற்றவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.’”

அம்மா தலையிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். போய்த் தராசுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“பத்துக் கிலோவே முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க சார். நாப்பது கிலோவ நான் எப்படித் தூக்குவேன்?”

“சின்னபொண்ணு, வெளையாடாதே. மாசக் கடைசி வரைக்கும் நீ வேலையிலதான் இருக்கே.”

அப்போதுதான் எனக்கு எட்டாம் பக்கம் ஞாபகம் வந்தது. சுற்றறிக்கையை மடியிலிருந்து எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், எழுத்தை மட்டும் பார்த்துச் சத்தமாகப் படித்தேன்.

“‘விதி பதினான்கு. தகுதியற்றவர் எனச் சான்றளிக்கப்பட்ட எவரையும் சுமை தூக்கும்படி பணித்தல் கூடாது. மீறினால் பணித்த அலுவலரே முழுப் பொறுப்பு.’”

அஞ்சலாட்சி அக்கா, “என் காயிதத்தையும் படிடி,” என்றாள். படித்தேன். அவளும் உட்கார்ந்தாள். பதினொரு காகிதத்தையும் படித்து முடித்தபோது பதினொரு பேரும் தரையில் இருந்தார்கள்.

மணிமாறன் சார் விழுப்புரத்துக்குப் போன் போட்டார். ஒப்பந்த ஆட்கள் நாளைக்குத்தான் வருவார்களாம். மழையை நாளைக்கு வரச் சொல்ல முடியுமா என்று அவர்களும் கேட்டிருக்க வேண்டும், இவர் போனையே முறைத்துப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சுற்றறிக்கையைப் பிடுங்கிப் புரட்டினார். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது. ‘எடையில் வேறுபாடு காணப்படின், சீல் சேதமடையா வண்ணம், அலுவலர் தம் கையால் சரிசெய்யலாம்.’

சீலை உடைக்காமல் மூடிய பைக்குள் தொள்ளாயிரம் கிராமை எப்படி ஏற்றுவது? அவர் துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு எங்கேயோ பார்த்தார். பிறகு மெல்லப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

மேலாளர் அம்மாவின் பையைத் தராசில் வைத்து, சொம்பில் தண்ணீரை மொண்டு அதன் மேல் ஊற்றினார். துணி குடித்தது. காய் குடித்தது. அடியிலிருந்த பழைய துண்டு குடித்தது. முள் அசைந்தது. மறுபடி ஊற்றினார். அவர் தலைக்கு மேலே பலகை நின்றது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மூணு வருசத்துக்கு முன்னால இங்க ஒருத்தர நிக்க வச்சீங்க சார்,” என்றாள்.

அவர் காதில் விழவில்லை. முள்ளில்தான் கவனம். “பத்து!” என்றார். “சரியாப் பத்து. நீ தகுதிம்மா. நடந்ததா நான் எழுதிக்கறேன். எழுந்து மூட்டையைப் பிடி.”

“இல்ல சார். நான் நடக்கறேன்.”

“வேணாம்மா, நான்தான் சொல்றேன்ல? மானத்தைப் பாரு, எப்படிக் கறுத்துக்கினு வருதுன்னு.”

“நடக்காம நடந்ததா எழுதினா அது பொய்யி சார். மாட்டி உடுங்க.”

அவர் பையின் பட்டையைப் பிடித்துத் தூக்கினார். முழங்கால் உயரம் வரைக்கும் வந்தது. பிறகு அவர் முகம் மாறியது, ஒரு கை இடுப்புக்குப் போனது. பையை வைத்துவிட்டுத் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரைக்கண்ணுதான் தூக்கி அம்மாவின் முதுகில் மாட்டிவிட்டார். அதேபோல இன்னும் பத்துப் பைகள் நனைந்தன, இன்னும் பத்து முதுகுகளில் ஏறின.

கிடங்கைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று வந்தால் ஐந்து கிலோமீட்டர். பதினொரு பேரும் நடந்தார்கள். ஓடவில்லை. முதுகிலிருந்து தண்ணீர் வடிந்து புடவையை நனைத்து, கிடங்கைச் சுற்றி ஈரமாக ஒரு கோடு விழுந்தது.

“ஜல்தி நடங்கம்மா! பேஜாரு பண்ணாதீங்க!”

“ஒண்ணேகால் மணி நேரம் டைம் இருக்குது சார்,” என்றாள் அஞ்சலாட்சி அக்கா, கையை வீசிக்கொண்டு. “எலும்பு கெட்டியாவணும்ல?”

காற்று பலமானது. முதல் லாரியின் தார்ப்பாய் பறக்கத் தொடங்கியது. மணிமாறன் சாரும் துரைக்கண்ணுவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பதினொரு பேரும் அவர்களைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் எத்தனையாவது சுற்று என்று கேட்டார். அம்மா எண்ணைச் சொல்லிவிட்டு நடந்தாள். எட்டாவது சுற்றில் முதல் தூறல் விழுந்தது, பிறகு நின்றது.

ஒரு மணி இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டாவது சுற்று முடிந்தது. நடந்து முடிந்த பிறகு மறுபடி எடை போட வேண்டும் என்பது ஆறாம் பக்கம். அம்மா பையைக் கழற்றித் தராசில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வழியெல்லாம் சொட்டியது போக, முள் ஒன்பது கிலோ அறுநூறில் வந்து நின்றது.

மணிமாறன் சார் முள்ளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மூன்று லாரிகளையும் பார்த்தார். தார்ப்பாயைப் பிடித்துச் சிவந்திருந்த கையால் பேனாவை எடுத்து, ‘பத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பத்துப் பைகளைத் தராசில் ஏற்றவே இல்லை. ‘பத்து’, ‘பத்து’ என்று எழுதிக்கொண்டே போனார்.

அம்மா புதுக் காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பழைய காகிதத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்து மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். துண்டைப் பிழிந்து சுருட்டித் தலையில் வைத்தாள். முதல் லாரியின் பின்பக்கம் போய் நின்று மேலே பார்த்து, “உடு,” என்றாள்.

நாற்பது கிலோ தலையில் இறங்கியது. அதன் எடை சரிதானா என்று யாரும் கேட்கவில்லை.